கோமாளி வேஷமும் நார்மன் விஸ்டமும்

கல்லூரி ஆண்டு விழாவிற்கு நாடகம் நடத்த எண்ணி வேஷங்களைப் பங்கிடும் நாளில், அரசன் வேஷத்திற்கும் காதலன் வேஷத்திற்கும் போட்டி மிகும். குரல் வளமுடையார்க்கு ஒன்று, தோற்றப் பொலிவுடையார்க்கு ஒன்று என்று யாவும் கொடுத்து முடிந்தபின் எஞ்சி நிற்பது கோமாளி வேஷம். வேறெதற்கும் உதவாதவன் என்று கருதப்பட்ட மாணவன் ஒருவனுடைய தலையில் அஃது ஏற்றப்படும். ‘நீ சும்மா வந்து நின்றாலே போதும், ஜனங்கள் சிரித்துவிடுவார்கள்’ என்று அவனுக்குத் தைரியமும் சொல்லப்படும். திரை உயர்ந்தபின் நடப்பது யாவரும் அறிந்ததே. அரசன் வசனத்தை மறந்தால் சபையார் பொறுத்துக்கொள்வர். கோமாளி தடுக்கி விழும்போது ஒருவரும் சிரியாவிட்டால், அதனினும் கொடிய அமைதி வேறொன்றில்லை.

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாகப் பேதைமையையும் அவர் எண்ணினார். பேதைமை தானே அமைந்தால் அது பரிதாபத்திற்குரியது; மேடையில் ஒருவன் அறிந்தே அதனை மேற்கொள்ளும்போதுதான் நகைக்குரியதாகிறது. அவ்வாறு மேற்கொள்ள எவ்வளவு கல்வி வேண்டும் என்பதை உணர்த்த, இங்கிலாந்து தேசத்து ஹாஸ்ய நடிகரும் பல கலை வல்லவருமான நார்மன் விஸ்டம் என்பவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். விஸ்டம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஞானம் என்பது பொருள். வாழ்நாள் முழுவதும் மூடன் வேஷம் பூண்ட ஒருவருக்குப் பிறப்பிலேயே இப்பெயர் வாய்த்தது வேடிக்கையே.

நார்மன் 1915-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 4-ம் தேதி லண்டன் மாநகரில் மேரில்போன் பகுதியில் பிறந்தார். தந்தை மோட்டார் வண்டி ஓட்டுபவர். தாயார் உடை தைப்பவர். வறுமை ஒருபுறமிருக்க, தந்தையின் முரட்டுக் குணம் மற்றொருபுறம் அக்குடும்பத்தை வருத்தியது. நார்மன் ஒன்பது வயதுச் சிறுவனாக இருக்கையில் தாயார் வீட்டை விட்டு நீங்கினார். பதின்மூன்றாம் வயதில் பள்ளிப் படிப்பும் முடிந்தது. மளிகைக் கடையொன்றில் சாமான் கொண்டு கொடுக்கும் பையனாக அமர்ந்தார். பின்னர் ஒரு தோழனுடன் கால்நடையாகவே கார்டிஃப் துறைமுகம் சென்று, கப்பலில் ஏவலாளாகச் சேர்ந்து, ஆர்ஜென்டினா வரை போய்வந்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறியுள்ளார். விகடர்கள் தம் இளமை வரலாற்றைச் சொல்லும்போது சற்றுக் கூட்டியோ குறைத்தோ சொல்லுதல் இயல்பு. ஆயினும் அப்பிள்ளைக்கு இரவில் படுக்க நிச்சயமான இடமில்லாதிருந்த நாட்கள் உண்டென்பதில் ஐயமில்லை.

அவரைக் காப்பாற்றியது பட்டாளம். பத்தாவது ஹுஸ்ஸார் என்னும் குதிரைப்படைப் பிரிவில், வாத்திய கோஷ்டிப் பையனாக அவர் சேர்ந்தார். 1930-ம் வருஷம் அப்படை இந்தியாவிற்கு அனுப்பப்பட்டு, ஐக்கிய மாகாணத்து லக்னோ நகரில் தங்கியது. இளமையில் வீட்டிலும் பள்ளியிலும் கிடையாத கல்வி யாவும் நார்மனுக்கு அங்கே கிடைத்தது. பட்டாளத்தார் நடத்திய கல்விப் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெற்றார். எக்காளம் ஊதவும் கிளாரினெட் வாசிக்கவும் பழகினார். குதிரையேற்றம் கற்றார். உருவத்தில் மிகச் சிறியவராதலின், குத்துச்சண்டையில் மிகக் குறைந்த எடையுள்ளோர் பிரிவில் இறங்கி, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினருக்குள் முதன்மை பெற்றார். வேளை தவறாத உணவும், தன்மேல் அக்கறை கொண்டு அதட்டும் ஓர் ஆசானும் இருந்தால் ஒரு பிள்ளை என்னவாகக்கூடும் என்பதற்கு லக்னோ வாசம் சாட்சி.

அவர் ஹாஸ்ய நடிகரானதும் பட்டாளத்திலேதான். உடற்பயிற்சிக் கூடத்தில் எதிராளியின்றித் தம் நிழலோடு குத்துச்சண்டை பழகும் வழக்கம் அச்சண்டையர்களுக்கு உண்டு. அவ்வாறு பழகிக்கொண்டிருக்கையில் பார்த்திருந்த சிப்பாய்கள் சிரித்தனர். இல்லாத எதிரியிடம் குத்து வாங்கித் தள்ளாடுவதுபோல் அபிநயித்தால் சிரிப்பு இன்னும் பெருகுவதைக் கண்டார். இவ்விடத்தை நம் மாணவர்கள் சிறிது நின்று நோக்க வேண்டும். எதிராளி ஒருவன் நிஜமாகவே எதிரில் நின்று குத்தினால் தலை எத்திசையில் திரும்பும், முழங்கால் எப்போது தளரும் என்பவற்றைத் தம் உடம்பிலேயே அனுபவித்தறிந்த சாம்பியன் அவர். அதனாலேயே, இல்லாத குத்தும் இருப்பதுபோல் காண்போர்க்குத் தோன்றிற்று. குத்துச்சண்டையே அறியாத ஒருவன் அதனைச் செய்திருந்தால் அது வெறுங் கைவீச்சாகவே முடிந்திருக்கும்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் படையின் செய்திப் பிரிவில் பணிபுரிந்தார். செல்டன்ஹாம் நகரில் தர்மத்திற்காக நடந்த ஒரு கதம்ப நிகழ்ச்சியில் அவருடைய விகடத்தைக் கண்ட பிரசித்தி பெற்ற நடிகர் ரெக்ஸ் ஹாரிஸன், மேடையின் பின்புறம் சென்று, இதையே தொழிலாகக் கொள்ளும்படி வற்புறுத்தினார். யுத்தம் முடிந்தபின் நார்மன் அவ்வாறே செய்தார். 1945-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், லண்டன் இஸ்லிங்டன் பகுதியிலிருந்த காலின்ஸ் மியூசிக் ஹாலில் முதன்முதலாகத் தொழில்முறையில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது முப்பது கடந்துவிட்டது. சாதாரணமாக ஒருவன் தன் தொழிலில் வேரூன்றி நிற்கும் பருவத்தில் அவர் விதை ஊன்றினார்.

மியூசிக் ஹால் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவிற்கு முந்திய காலந்தொட்டு, இங்கிலாந்தில் உழைக்கும் ஜனங்கள் மாலை வேளையில் கூடிக் களித்த அரங்குகள் இவை. ஒரே இரவில் பாட்டுக்காரர், கழைக்கூத்தர், செப்பிடுவித்தைக்காரர், விகடர் என ஒருவர்பின் ஒருவராகத் தோன்றுவர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிஷங்களே. அதற்குள் சபையைத் தம் வசப்படுத்தாவிடில் அடுத்த வாரம் வேலையில்லை. ஆதலால் விகடர் என்பவர் பேசவும், பாடவும், ஆடவும், வாத்தியம் வாசிக்கவும், கீழே விழவும் வல்லவராக இருத்தல் நலம். பட்டாளத்து வாத்திய கோஷ்டியும் குத்துச்சண்டைக் கூடமும் நார்மனை அவ்வரங்கிற்கென்றே தயார் செய்திருந்தன எனலாம்.

உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் அவருடைய வேஷம் 1948-ம் வருஷம் ஸ்கார்பரோ என்னும் கடற்கரை ஊரில் உருவாயிற்று. செப்பிடுவித்தைக்காரரான டேவிட் நிக்ஸன், வித்தைக்குத் துணையாக சபையிலிருந்து ஒருவர் மேடைக்கு வரலாம் என்று அழைப்பார். உடம்பைப் பிடித்து இறுக்கும் சிறிய கோட்டும், கோணிய கழுத்துப்பட்டியும், முன்பகுதி ஒருபுறம் சாய்ந்த துணித் தொப்பியும் அணிந்த ஒரு குள்ள மனிதர் ஓடிவருவார். உதவி செய்யவேண்டும் என்னும் அளவற்ற ஆவலினாலேயே அவர் எல்லா வித்தைகளையும் கெடுத்துவிடுவார். இந்த அப்பாவிக்குக் ‘கம்ப்’ என்று பெயர் வழங்கிற்று. அளவில் பொருந்தாத அந்த உடையில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரிய உடை அணிந்தவன் தகுதிக்கு மீறிய இடத்தை நாடியவன்போல் தோன்றுவான். சிறிய உடை அணிந்தவனோ, வளர்ந்த பின்னும் பள்ளிப் பிள்ளையாகவே நின்றுவிட்டவன்போல் தோன்றுவான். பிள்ளையை யாரும் பகைப்பதில்லை.

ராங்க் என்னும் பெரிய படக் கம்பெனி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1953-ம் வருஷக் கடைசியில் ‘டிரபிள் இன் ஸ்டோர்’ என்னும் படம் வெளிவந்தது. பல பொருளும் விற்கும் ஒரு பெருங்கடையில் சரக்கறையில் வேலைசெய்யும் எளியவன் ஒருவனே கதாநாயகன். கடையின் கண்ணாடி முகப்பில் பொருள்களை அழகுற அடுக்கிவைக்கும் உத்தியோகம் தனக்குக் கிடைக்குமா என்பது அவனுடைய கனவு. படத்தின் தொடக்கத்தில், விலையுயர்ந்த மோட்டார் வண்டியில் முதலாளியின் அருகே அவனும் அமர்ந்து செல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. மறுகணம், அவன் வண்டிக்கு வெளியே பைசிகிளில் ஒட்டினாற்போல் வருகிறவன் என்பது தெரிகிறது. ஏழைக்கும் செல்வனுக்கும் இடையில் உள்ளது ஒரு கண்ணாடிக் கதவின் கனமே என்பதை ஒரு சொல்லும் பேசாமல் காட்டிவிடும் காட்சி இது. படம் பெருவெற்றி பெற்றது. பிரிட்டிஷ் சினிமாக் கழகம் 1954-ல் அவருக்குப் புதுமுக நடிகருக்குரிய பரிசை வழங்கியது. அப்போது நார்மனுக்கு வயது முப்பத்தொன்பது.

அப்படத்திற்காக அவரும் ஒருவராகச் சேர்ந்து இயற்றி, அவரே பாடிய ‘என்னைப் பார்த்துச் சிரிக்காதே’ என்னும் கருத்துள்ள பாட்டு, இசைத்தட்டில் மிகுதியாக விற்பனையாயிற்று. வாழ்நாளெல்லாம் சிரிக்க வைத்தவர் பேர் பெற்றது சிரிக்காதே என்னும் பாட்டினால்! ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அவருடைய படங்களில் நகைப்பின் நடுவே திடீரென்று நுழையும் சோகப் பாட்டுகள் நமக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை. சர்க்கரை சிறிது மிகுதி. லண்டன் பத்திரிகை விமர்சகர்களும் அக்குறையைச் சுட்டிக் காட்டினர். ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1966 வரையில் ஏறக்குறைய வருஷத்திற்கொரு படம் வந்துகொண்டேயிருந்தது. கதை பெரும்பாலும் ஒன்றே: அப்பாவி வேலையாள், அவனை அதட்டும் மேலதிகாரி, அவனிடம் இரக்கங் கொள்ளும் ஒரு பெண், முடிவில் எதிர்பாராத வெற்றி.

இப்படங்களில் அவருக்குத் துணைநின்ற இருவரைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஜெர்ரி டெஸ்மண்ட் என்பவர் நெடிய உருவமும் கம்பீரத் தோற்றமும் உடையவர். முதலாளியாகவும் அதிகாரியாகவும் வருவார். எட்வர்ட் சாப்மன் என்பவர் ‘மிஸ்டர் கிரிம்ஸ்டேல்’ என்னும் எஜமானராக வருவார். ஆபத்து நேரும்போதெல்லாம் ‘மிஸ்டர் கிரிம்ஸ்டேல்!’ என்று நார்மன் அலறுவதே ஒரு பழமொழிபோல் ஆங்கிலேயர் நாவில் வழங்கலாயிற்று. இவ்விருவரும் ஒருபோதும் சிரிப்பதில்லை. ஒருவர் தம் கௌரவத்தை உண்மையாகவே பெரிதென எண்ணினாலன்றி, மற்றவர் அதைக் கவிழ்ப்பதில் சுவையில்லை. மிருதங்கமின்றிப் பாட்டுக் கச்சேரி எவ்வாறு களைகட்டாதோ, அவ்வாறே கம்பீரமாக நிற்கும் இந்தத் துணைவரின்றி விகடம் களைகட்டாது.

1958-ல் வந்த ‘தி ஸ்கொயர் பெக்’ என்னும் படத்தில் அவருக்கு இரண்டு வேஷம். ஒன்று, சாலையைப் பழுதுபார்க்கும் பிட்கின் என்னும் வேலையாள். மற்றொன்று, அவனைப்போலவே முகங்கொண்ட ஜெர்மன் சேனாதிபதி. முகம் ஒன்றாயினும் நிற்கும் நிலையிலும், கழுத்தைத் திருப்பும் வகையிலும், கண்ணிமைக்கும் வேகத்திலும் இருவரும் வெவ்வேறு மனிதர்கள். அவரை வெறும் குதித்து விழும் கோமாளி என்றிருந்தவர்கள் இப்படத்தைப் பார்த்தபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

விழுதலைப் பற்றியும் சொல்லவேண்டும். மாடிப்படியிலும், ஏணியிலும், ஓடும் வண்டியிலும் அவர் விழுந்த விழுக்காடுகள் பல. குதிரையேற்றமும் குத்துச்சண்டையும் பழகியவனுக்கு விழுதல் புதிதன்று. நார்மன் இவ்விரண்டையும் இளமையிலேயே கற்றவர். இருப்பினும், பயிற்சியுடையவன் விழுவதுபோல் தோன்றினால் ஒருவரும் நகையார். கற்ற வித்தையால் விழுந்து, கல்லாதவன்போல் காட்டவேண்டும். அபஸ்வரத்தைச் சரியான இடத்தில் வாசித்து நகைப்பூட்டுபவன் ஸ்வரத்தை ஐயமறத் தெரிந்தவனாயிருத்தல் போன்றது இது.

அவருடைய பல திறமைக்கும் ஒருங்கே பரீட்சை நேர்ந்தது 1961-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில். ஞாயிறுதோறும் லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து டெலிவிஷனில் ஒரு கதம்ப நிகழ்ச்சி ஒளிபரப்பாகி வந்தது. நாட்டின் பெரும்பகுதி ஜனங்கள் அந்நேரத்தில் அதன்முன் அமர்ந்திருப்பர் எனலாம். அச்சமயம் நடிகர் சங்கத்தார் வேலைநிறுத்தம் செய்தமையால் வழக்கமான நடிகர்கள் வரவில்லை. நிகழ்ச்சியை நடத்தும் புரூஸ் ஃபோர்ஸைத் என்பவரும் நார்மனும் ஆகிய இருவர் மட்டுமே முழு நிகழ்ச்சியையும் நடத்தினர். பாட்டு, ஆட்டம், வாத்தியம், பேச்சு யாவும் அவ்விருவரே. சுவருக்கு வர்ணக் காகிதம் ஒட்டவந்த மேஸ்திரியும் சிற்றாளுமாக அவர்கள் நடித்த பகுதி இன்றும் பேசப்படுகிறது. பசை வாளியும், ஏணியும், காகிதச் சுருளும் தவிர வேறு சாமக்கிரியை இல்லை. கப்பல் ஏவலாளாகவும் பட்டாளத்துப் பையனாகவும் கற்ற ஒவ்வொன்றும் அந்த ஓரிரவில் கைகொடுத்தது.

சட்டம் பயிலும் மாணவர்கள் அவருடைய பெயரை வேறோரிடத்தில் கண்டிருக்கக்கூடும். பவுன் நாணயத்தின் மதிப்புக் குறையுமென்று அஞ்சிய அவர், கடன் வாங்கி வெள்ளிப் பாளங்களை வாங்கி வைத்துப் பின்னர் லாபத்திற்கு விற்றார். அந்த லாபம் வியாபார வருமானமே, வரி செலுத்த வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரிச் சட்ட நூல்களில் விஸ்டம் வழக்கு என்று இது வழங்குகிறது.

1966-ல் அவர் அமெரிக்கா சென்று, நியூயார்க் நகரத்து பிராட்வே அரங்கில் ‘வாக்கிங் ஹாப்பி’ என்னும் இசை நாடகத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளியாக நடித்து, டோனி பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்டார். 1968-ல் ஒரு ஹாலிவுட் படத்திலும் நடித்தார். வாயில் திறந்தது என்று யாவரும் எண்ணிய அச்சமயத்தில் குடும்பம் பிளவுண்டது. மனைவி பிரிந்தார், இரு குழந்தைகளும் தந்தையின் பொறுப்பாயினர். ஒன்பது வயதில் தாயை இழந்து தெருவில் நின்றவர், தம் குழந்தைகளுக்கு அந்நிலை வரலாகாதென்று அமெரிக்க வாய்ப்புகளை விட்டு ஊர் திரும்பினார். அதன்பின் அவருடைய சினிமா வாழ்வு முன்போல் தழைக்கவில்லை.

மூடன் வேஷம் ஒருவரை எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதை 1981-ல் நடந்த ஒன்று காட்டும். பி.பி.ஸி. டெலிவிஷனுக்காக ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இயக்கிய ‘கோயிங் ஜெண்ட்லி’ என்னும் நாடகத்தில், புற்றுநோயால் ஆஸ்பத்திரியில் மரணத்தை எதிர்நோக்கும் ஒரு முதியவராக நார்மன் நடித்தார். விழுக்காடு இல்லை, தொப்பி இல்லை, அலறல் இல்லை. கண்டவர் வியந்தனர், போற்றியும் எழுதினர். ஆயினும் அதுபோன்ற வேஷம் அவருக்கு அடிக்கடி வாய்க்கவில்லை. தெருவில் கண்டவர்கள் அவரிடம் வேண்டியது ஒரு முறை தடுக்கி விழுந்து காட்டவேண்டும் என்பதே. அவரும் மறுத்தாரல்லர். 2000-ம் வருஷம் எலிசபெத் அரசியார் அவருக்கு ஸர் பட்டம் அளித்தபோது, வாளால் தோள் தொடப்பெற்று, வணங்கி, மிக்க மரியாதையோடு திரும்பிச் செல்கையில் அவர் தடுக்கினார். அரசியார் சிரித்துவிட்டார்.

அவருடைய புகழில் எல்லாவற்றினும் விசித்திரமானது அல்பேனியாவில் விளைந்தது. என்வர் ஹோஜா என்பவர் 1985-ல் இறக்கும் வரையில் அந்நாட்டைக் கடுமையான கம்யூனிஸ்டு ஆட்சியில் அடைத்து வைத்திருந்தார். மேனாட்டுப் படங்களுக்கு அங்கே இடமில்லை. நார்மன் படங்கள் விதிவிலக்கு. முதலாளியிடம் அல்லற்பட்டு முடிவில் வெல்லும் தொழிலாளியின் கதை தம் கொள்கைக்கு ஏற்றதென ஆட்சியாளர் கருதினர் என்பர். 1965-ல் வந்த ‘தி எர்லி பர்ட்’ என்னும் படத்தில், குதிரை வண்டியில் பால் விற்கும் சிறு கடைக்காரரை ஒரு பெரிய கம்பெனி விழுங்கப் பார்க்கிறது. கம்பெனியைத் தோற்கடிப்பவன் பால்காரன் நார்மன். இதில் மார்க்ஸின் தத்துவத்தைக் கண்டவர் கண்டிருக்கலாம். ஆனால் கதவடைக்கப்பட்ட நாட்டில் வாழ்ந்த ஜனங்கள் கண்டது வேறொன்று என்பது நம் கருத்து. அதிகாரம் படைத்தவன் எதிரில் ஒரு சிறு மனிதன் நிற்கிறான். அதிகாரி அதட்ட அதட்ட, அவன் தன்னையறியாமலே அந்த அதிகாரத்தைக் கேலிக்கிடமாக்குகிறான். தணிக்கையாளர் அனுமதித்த படத்திற்குள்ளேயே தணிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க ஒரு வழி இருந்தது. அங்கே அவரைப் ‘பிட்கினி’ என்றே அழைத்தனர்.

கம்யூனிஸ்டு ஆட்சி ஒழிந்தபின் 1995-ல் அவர் அல்பேனியாவிற்குச் சென்றபோது கூடிய கூட்டத்தைக் கண்டு அவரே திகைத்தார். 2001-ம் வருஷம் மார்ச்சு மாதம் இங்கிலாந்தின் கால்பந்தாட்டக் கோஷ்டி டிரானா நகருக்குச் சென்ற சமயம் அவரும் அங்கிருந்தார். உலகப் புகழ்பெற்ற டேவிட் பெக்காமைச் சூழ்ந்தவரைக் காட்டிலும் எண்பத்தாறு வயதுக் கிழவரைச் சூழ்ந்தவரே மிகுதி. ஒரு பாதி இங்கிலாந்தின் நிறமும் மறுபாதி அல்பேனியாவின் நிறமும் கொண்ட சட்டையை அணிந்து ஆட்டக்களத்தில் தோன்றிய அவர், வழக்கம்போல் தடுக்கி விழுந்தார்.

சார்லி சாப்ளின் தமக்கு மிகவும் உகந்த கோமாளி நார்மனே என்று கூறியதாகச் சொல்வர். 2005-ல், தொண்ணூறாவது பிறந்த நாளன்று, நடிப்புத் தொழிலினின்று ஓய்வு பெறுவதாக நார்மன் அறிவித்தார். அதற்குள் மறதி நோய் அவரைப் பற்றத் தொடங்கியிருந்தது. இறுதிக் காலத்தை, பல வருஷமாக வசித்து வந்த மான் தீவில், முதியோரைப் பேணும் ஓர் இல்லத்தில் கழித்தார். 2010-ம் வருஷம் அக்டோபர் மாதம் 4-ம் தேதி, தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார். டக்ளஸ் நகரத்து ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கிற்கு வருமாறு தீவினர் அனைவருக்கும் அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. பெட்டியின் மேல் அந்தத் துணித் தொப்பி வைக்கப்பட்டிருந்தது.